துப்பாக்கிச் சண்டையை நிஜம் போல நடத்துவது எப்படி: டேபிள்டாப் ஆர்பிஜி ஜிஎம்களுக்கு (ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு) ஒரு முழு வழிகாட்டி

டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகப் பேசிப் பகடை போட்டு ஆடும் கதை விளையாட்டு, ஆடுகிற இடத்தில் துப்பாக்கி என்று பேச்சு வந்ததும் முதலில் வரும் கேள்வி "எந்தத் துப்பாக்கிக்கு எத்தனை டேமேஜ்?" என்பதுதான். உடனே யாராவது ஒருவர் போனை எடுத்துத் தோட்டாவின் எடை, வேகம், மில்லிமீட்டர் என்று தேட ஆரம்பித்துவிடுவார். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சண்டை நிஜம் போல இருப்பதற்கும் அந்த அட்டவணைக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு. நிஜச் சண்டையில் பெரும்பாலான குண்டுகள் யார் மேலும் படுவதில்லை, பட்டவர் உடனே விழ வேண்டும் என்று கட்டாயம் இல்லை, விழுந்தவர் பிழைப்பாரா என்பதை ரத்தத்தை யார் எவ்வளவு சீக்கிரம் நிறுத்தினார்கள், வண்டி எங்கே கிடைத்தது என்பவைதான் தீர்மானிக்கும். இந்த மூன்றுக்கும் விதி இருந்தால் போதும்.

1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் பரப்பிய ஹிட் பாயிண்ட் (அடி பட்டால் குறையும் உயிர்ப்புள்ளி) முறையில் ஒரே ஒரு பாயிண்ட் மிச்சம் இருக்கும் ஆளும் முழு பலத்தோடு இருக்கும் ஆளைப் போலவே சண்டை போடுவான். வாள் சண்டைக்கு அது சரி, ஜாலியாகவும் இருக்கும். 1986-இல் வந்த ஃபீனிக்ஸ் கமாண்ட் என்ற ஆட்டம் நேர் எதிர்ப்பக்கம் போய், ஒரு குண்டு எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்கவே அட்டவணைக்கு மேல் அட்டவணை புரட்ட வைத்தது. நமக்கு இரண்டும் வேண்டாம். இந்த வழிகாட்டிக்கு லூடோ பெட்டியில் இருக்கிற ஆறு முகப் பகடை இரண்டு போதும். களம் நம்ம கன்னியாகுமரி மாவட்டம்: குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டம், மார்த்தாண்டம் பக்கம் பூட்டிக் கிடக்கும் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை), இன்னும் பின்னே போனால் 1741-இன் குளச்சல் கடற்கரை.

பகடையைத் தொடுவதற்கு முன்

முதல் நாளே ஆடுகிறவர்களிடம் பேசிவிடுங்கள். 2012 பிப்ரவரியில் இத்தாலியக் கப்பலில் இருந்து சுட்டதில் இறந்த இரண்டு மீனவர்களில் ஒருவர் நம் மாவட்டத்துக்காரர். 2018 மே 22 தூத்துக்குடியில் நடந்ததை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் மேஜையில் இருக்கும் யாருக்காவது அந்தச் செய்தி வெறும் செய்தியாக இல்லாமல் சொந்தக்கார வீட்டுத் துக்கமாக இருக்கலாம். ஆகவே நிஜச் சம்பவம் எதையும் கதைக்கரு ஆக்காதீர்கள், ரத்தத்தை எவ்வளவு விவரிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், யாராவது கையைக் காட்டினால் காட்சியை அங்கேயே வெட்டிவிடலாம் என்று சொல்லிவையுங்கள். இந்த முறையில் கேரக்டர் செத்தால் செத்ததுதான், அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

படி 1: நேரத்தைச் சுருக்குங்கள், யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள்

ஒரு டர்ன் மூன்று வினாடி. அதற்குள் ஒருவர் ஒரு காரியம்தான் செய்ய முடியும்: சுடலாம், குறிபார்க்கலாம், ஓடலாம், படுக்கலாம், கத்தலாம். யார் முதலில் சுடுவது என்பதற்குப் பகடை போடுவதை விட்டுவிட்டு, யார் முதலில் பார்த்தார்கள் என்பதற்குப் போடுங்கள். பார்த்தவருக்கு ஒரு முழு டர்ன் இலவசம். மற்றவருக்கு அந்த டர்னில் எதுவுமே கிடையாது, "என்ன சத்தம்?" என்று யோசிப்பதற்கே அது போய்விடும்.

சத்தம் எங்கிருந்து வந்தது என்பதும் தானாகத் தெரியக் கூடாது. ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர், பழைய போலீஸ் .303 ரைஃபிளின் குண்டு கிளம்பும்போது அதைப் போல இரு மடங்குக்கு மேல். முந்நூறு மீட்டர் தள்ளி ஒருவன் சுட்டால் குண்டு வந்து சேர்ந்த பிறகுதான் வெடிச் சத்தமே வரும். பேச்சிப்பாறை, கீரிப்பாறை மாதிரி மலை சூழ்ந்த இடத்தில் அந்தச் சத்தம் எதிரொலித்து நாலா பக்கமும் கேட்கும். சுட்டவனைக் கண்டுபிடிக்க இரண்டு பகடையில் எட்டு அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதுவரை பதிலுக்குச் சுடுவது வெறும் தோட்டாச் செலவு.

படி 2: படுமா படாதா

இங்கேதான் பெரும்பாலான ஆட்டங்கள் சறுக்குகின்றன, எல்லாக் குண்டும் பட்டுவிடுகிறது. நியூயார்க் போலீஸின் 1998 முதல் 2006 வரையிலான துப்பாக்கிச்சூடுகளை ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து 2008-இல் அறிக்கை கொடுத்தது. எதிராளியும் திருப்பிச் சுட்டபோது போலீஸ் சுட்டதில் பட்டது 18 சதவீதம். எதிராளி சுடாதபோது 30 சதவீதம். ஏழு கெஜத்துக்குள், அதாவது ஒரு பெரிய அறையின் நீளத்துக்குள், சுட்டாலும் 37 சதவீதம்தான். இவர்கள் எல்லாம் பயிற்சி பெற்ற ஆட்கள், அதை மறக்க வேண்டாம்.

இரண்டு ஆறு முகப் பகடையின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். பத்து அல்லது அதற்கு மேல் விழ 36-இல் 6, கிட்டத்தட்ட 17 சதவீதம். ஒன்பது அல்லது அதற்கு மேல் 36-இல் 10, சுமார் 28. எட்டு அல்லது அதற்கு மேல் 36-இல் 15, சுமார் 42. அந்த மூன்று எண்ணுக்கும் இது போதுமான அளவு பக்கத்தில் வருகிறது. ஆக, சாதாரணமாக ஒன்பது வேண்டும். உங்களை நோக்கியும் குண்டு வருகிறது என்றால் பத்து. அறைக்குள், எதிர்ப்பில்லாமல் என்றால் எட்டு. வேண்டிய அந்த எண்ணில் இருட்டுக்கு ஒன்று கூட்டுங்கள், ஓடிக்கொண்டே சுட்டால் இரண்டு, கைத்துப்பாக்கியால் இருபத்தைந்து மீட்டர் தாண்டிச் சுட்டால் இரண்டு. ஒரு முழு டர்ன் அசையாமல் குறிபார்த்திருந்தால் இரண்டு கழியுங்கள். துப்பாக்கியே பிடித்துப் பழகாத கேரக்டருக்கு எப்போதும் ஒன்று கூடுதல். இரண்டு ஆறு விழுந்தால் எப்படியும் படும்.

பன்னிரண்டு போர் (12-bore) துப்பாக்கிக்குச் சினிமாவில் பார்த்த மரியாதையை எல்லாம் கொடுக்க வேண்டாம். ரவை, அதாவது அதன் தோட்டாவுக்குள் இருக்கும் சிறு ஈயக் குண்டுகள், ஒரு கெஜத்துக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில்தான் விரியும் என்பது தோராயமான வழக்கு. பத்து மீட்டரில் ஒரு சோற்றுத் தட்டு அகலம், அவ்வளவுதான். பார்க்காமல் சுட்டால் அதுவும் படாது.

தோட்டாக் கணக்குக்கு நான் கையாளும் வழி இது. ரிவால்வர் வைத்திருக்கும் ஆட்டக்காரரிடம் ஆறு புளியங்கொட்டை போட்ட தீப்பெட்டியைக் கொடுத்துவிடுவேன். ஒவ்வொரு முறை சுடும்போதும் பெட்டியைப் பார்க்காமல் ஒன்றை எடுத்து நடுவில் உள்ள தட்டில் போட வேண்டும், பெட்டியைத் திறந்து எண்ணுவது என்றால் அதற்கு ஒரு டர்ன் செலவு. சண்டை நடுவில் "சுடுதேன்" என்று விரலை விட்டுத் துழாவி, ஒன்றும் கிடைக்காமல் "லேய், தீந்து போச்சா!" என்று முழிக்கிற முகம் இருக்கிறதே, எந்த விதிப்புத்தகமும் அதைத் தராது.

படி 3: மறைவு வேறு, காப்பு வேறு

மறைவு கண்ணைத் தடுக்கும், காப்பு குண்டைத் தடுக்கும். ஓலைத்தட்டி, தகரக் கதவு, வாழைத்தோப்பு, சோபா, கார் கதவு எல்லாம் மறைவு மட்டும்தான். இருக்கிற இடம் தெரியாததால் சுடுகிறவருக்கு வேண்டிய எண்ணில் இரண்டு கூடும், ஆனால் பட்டுவிட்டால் முழுசாகப் படும். காரில் எஞ்சின் இருக்கும் பக்கம், கருங்கல் சுவர், மண்மேடு, ஒற்றைக்கல் கட்டிய கிணற்றின் கைப்பிடிச் சுவர் இவை காப்பு. ரப்பர் மரம் நடுவில் வரும்: கைத்துப்பாக்கிக்கு ஓரளவு தாங்கும், ரைஃபிளுக்கு நம்ப முடியாது. அதோடு ஆள் அகலத்துக்கு மரம் இருக்காது.

இன்னொன்று, தலைக்கு மேலே குண்டு போனாலே மனிதன் குனிவான். பக்கத்தில் சுடப்பட்ட யாரும் அடுத்த டர்னில் தலையைத் தூக்க இரண்டு பகடையில் ஏழு போட வேண்டும். ஆட்டக்காரர்கள் இதற்குச் சண்டைக்கு வருவார்கள், "என் கேரக்டர் பயப்பட மாட்டான்" என்று. விட்டுக் கொடுக்காதீர்கள்.

படி 4: எங்கே பட்டது

மறுபடி இரண்டு பகடை. இரண்டு அல்லது மூன்று விழுந்தால் தலை, கழுத்து. நான்கு, ஐந்து கை. ஆறு, ஏழு மார்பு. எட்டு வயிறு, இடுப்பு. ஒன்பதில் இருந்து பன்னிரண்டு வரை கால். 36-இல் இவை முறையே 3, 7, 11, 5, 10 வரும். தீக்காயத்துக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் ஒன்பதின் விதியில் தலைக்கு 9 சதவீதம், இரண்டு கைக்கும் சேர்த்து 18, உடம்புக்கு 36, கால்களுக்கு 36. எல்லோரும் உடம்பின் நடுப்பகுதியைப் பார்த்தே சுடுவதால் நம் கணக்கில் நெஞ்சும் வயிறும் கொஞ்சம் கூடுதல். காப்புக்குப் பின்னால் இருப்பவருக்கு மறைந்திருக்கும் பகுதி விழுந்தால் குண்டு சுவரில் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: மூன்று கேள்வி

டேமேஜ் எண் கிடையாது. பட்டதும் ஜிஎம் மூன்று கேள்வி கேட்கிறார்.

ஒன்று, இப்போதே நிற்கிறானா? 1989-இல் எஃப்பிஐ கைத்துப்பாக்கிக் காயங்கள் பற்றி வெளியிட்ட அறிக்கையின் சாரம் இதுதான்: மூளையோ மேல் தண்டுவடமோ சிதைந்தால் மட்டுமே ஆள் அந்த நொடியிலேயே செயலிழப்பான். இதயமே சிதைந்தாலும் மூளையில் மிச்சம் இருக்கும் ஆக்சிஜன் 10 முதல் 15 வினாடி வரை முழுசாக இயங்க வைக்கும். நம் கணக்கில் அது மூன்றில் இருந்து ஐந்து டர்ன்! அந்த அறிக்கைக்குப் பின்னணி 1986 ஏப்ரல் 11 மயாமி சண்டை. மைக்கேல் பிளாட் என்ற கொள்ளையனின் வலது கை வழியாக மார்புக்குள் நுழைந்த 9 மில்லிமீட்டர் குண்டு நுரையீரலைக் கிழித்து, இதயத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகும் சண்டை போட்டான். அன்று இரண்டு எஃப்பிஐ ஆட்கள் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். அதே சமயம், லேசாக உரசிய குண்டுக்கே "செத்தேன்" என்று படுத்துவிடுகிறவர்களும் உண்டு, அது மனசு செய்கிற வேலை. ஆகவே குண்டு பட்ட ஒவ்வொருவரும் இரண்டு பகடை போடட்டும். எட்டுக்குக் கீழே விழுந்தால் படுத்துவிடுவார் அல்லது ஓடிவிடுவார். தலையில் பட்டவருக்கு மட்டும் தனி: ஒரு பகடையில் நாலு முதல் ஆறு வரை விழுந்தால் அந்த இடத்திலேயே முடிந்தது, இல்லையென்றால் தாடை, காது, கழுத்துச் சதை.

இரண்டு, எது வேலை செய்யவில்லை? கையில் பட்டால் பிடித்திருந்தது கீழே விழும். காலில் பட்டு ஒரு பகடையில் ஐந்து, ஆறு விழுந்தால் எலும்பு போய்விட்டது, மனவுறுதி எவ்வளவு இருந்தாலும் நிற்க முடியாது.

மூன்று, ரத்தம் எவ்வளவு வேகமாகப் போகிறது? ஒரு பகடை: ஒன்றில் இருந்து மூன்று வரை மெதுவாக, நாலு ஐந்து நடுத்தரம், ஆறு என்றால் பீறிடுகிறது. ரைஃபிள் குண்டுக்கு இதில் ஒன்று கூட்டுங்கள். கைத்துப்பாக்கிக் குண்டு ஏறக்குறைய தன் அகலத்துக்குத்தான் துளை போடும். வேகமான ரைஃபிள் குண்டு போகிற வழியில் சுற்றியுள்ள சதையை உள்ளே இருந்து தள்ளி விரிக்கும். நுரையீரல் ரப்பர் போல விரிந்து சமாளித்துக்கொள்ளும், கல்லீரல் கிழியும். ரைஃபிளுக்கும் பிஸ்டலுக்கும் இந்த ஒரு வித்தியாசம் போதும், மற்றபடி எந்த பிராண்டு, எத்தனை மில்லிமீட்டர் என்பது எல்லாம் பேசிக்கொள்ள நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

படி 6: ரத்தக் கட்டங்கள்

பெரியவர் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். கேரக்டர் தாளில் ஐந்து கட்டம் வரையுங்கள், ஒவ்வொன்றும் அரை லிட்டர். முதல் கட்டம் போனால் ஒன்றும் ஆகாது. ரத்த தானத்தில் எடுப்பதே 350 அல்லது 450 மில்லிதானே. இரண்டாவது போனால் நாடி படபடக்கும், தாகம் எடுக்கும், கைகால் சில்லிடும். எல்லாப் பகடையிலும் ஒன்று குறையும். மூன்றாவதோடு ஒன்றரை லிட்டர், அதாவது முப்பது சதவீதம். ரத்த அழுத்தம் இறங்கும் இடம் இதுதான், பேச்சு குழறும், கேட்ட கேள்வியையே கேட்பார், இரண்டு குறையும். நாலாவது போனால் நினைவு தப்பும். ஐந்தாவது போனால் முடிந்தது.

பீறிடும் காயத்துக்கு நிமிடத்துக்கு ஒரு கட்டம். நடுத்தரத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்று. மெதுவானதற்கு ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. கை, கால் காயத்தை அழுத்தியோ இறுக்கிக் கட்டியோ நிறுத்தலாம். மார்பு, வயிற்றுக்குள் கசிவதை வெளியில் இருந்து யாரும் நிறுத்த முடியாது, அறுவை மேஜைதான் ஒரே வழி. இந்த ஒரு விதியே உங்கள் ஆட்டத்தின் இரண்டாம் பாதியை எழுதிவிடும்.

ஒரு சண்டை, முழுசாக

அதிகாலை நாலரை மணி, குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். தங்கையன் பால்வெட்டுத் தொழிலாளி, நெற்றியில் லைட் கட்டியிருக்கிறார். வனக்காவலர் செல்வின் கையில் பன்னிரண்டு போர், நர்ஸ் ஷீபா கையில் ஒன்றுமில்லை. எதிரே பன்றி வேட்டைக்கு வந்த இரண்டு பேர், ஒருவனிடம் நாட்டுத்துப்பாக்கி, இன்னொருவனிடம் ரிவால்வர். யார் முதலில் பார்த்தது என்று பகடை போடவே வேண்டாம், அந்த லைட் போதும்.

முதல் டர்ன் வேட்டைக்காரர்களுக்கு. நாட்டுத்துப்பாக்கிக்கு ஒன்பது, இருட்டுக்கு ஒன்று கூடி, லைட்டைப் பார்த்துச் சுடுவதால் அதே ஒன்று கழிந்து மறுபடி ஒன்பது. விழுந்தது சரியாக ஒன்பது, பட்டது. இடத்துக்குப் பத்து: கால். மனவுறுதிக்கு ஐந்து, தங்கையன் படுத்துவிட்டார். எலும்புக்கு இரண்டு, நல்லவேளை. ரத்தத்துக்கு ஆறு. மேஜை அமைதியாகிவிட்டது.

இரண்டாவது டர்னில் செல்வின் வெளிச்சம் தெரிந்த திசையில் சுடுகிறார். ஒன்பது, இருட்டு, எதிரில் இருந்தும் குண்டு வருகிறது, ஆக பதினொன்று வேண்டும். ஏழுதான் விழுந்தது. ரிவால்வர்காரன் மூன்று டர்னில் மூன்று முறை சுடுகிறான், ஆறு, எட்டு, நாலு. மூன்றுமே போச்சு, ஒன்று மட்டும் மரத்தில் கட்டியிருந்த சிரட்டையை உடைத்துப் பால் தெறிக்கிறது. நாட்டுத்துப்பாக்கியில் மறுபடி கரிமருந்து போட்டு இடிக்க அரை நிமிடம் ஆகும், அதாவது பத்து டர்ன், அதற்கு அவன் நிற்கவில்லை. இருவரும் ஓடிவிட்டார்கள். மொத்தச் சண்டையும் நாலு டர்ன், பன்னிரண்டு வினாடி.

அப்புறம்தான் ஆட்டம். செல்வின் ஆடிய பையன் "நான் அவனுவள வெரட்டுதேன்" என்றான். ஷீபா ஆடியவள் "எலே, இஞ்ச வந்து ஆளப் பிடி, ரெத்தம் போவுது!" என்றாள். இந்த வாக்குவாதத்துக்கு நான் போனில் நிஜமாகவே டைமர் போட்டுவிடுவேன். ஒரு நிமிடம் ஓடினால் ஒரு கட்டம் அடிக்கப்படும், அவ்வளவுதான். தோர்த்தை (துண்டை) காயத்துக்கு மேலே, மூட்டில் படாமல் இறுக்கிச் சுற்றி, ஒரு கம்பைச் செருகித் திருக வேண்டும். நர்ஸுக்கு ஆறு போட்டால் போதும், மற்றவர்களுக்கு ஒன்பது. ஷீபாவுக்கு முதல் முறை தவறி, இரண்டாவதில் நின்றது. அதற்குள் மூன்று கட்டம் காலி.

படி 7: ரோடு

இந்தப் படியை யாரும் விதியாக்குவதில்லை, எனக்கு இதுதான் பிடித்த பகுதி. மலையடிவாரத்தில் போன் சிக்னல் கிடைக்கிறதா, 108 எவ்வளவு தூரம் ஏறி வரும், தோட்டத்து வரிசைக்குள் இருந்து ஆளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வர எத்தனை நேரம், அந்த அதிகாலையில் பால் வண்டி ஏதாவது வருமா, குலசேகரத்தில் நிறுத்துவதா ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி வரை இழுப்பதா? ஒவ்வொன்றும் ஒரு முடிவு, ஒவ்வொன்றுக்கும் நேரம். மாவட்ட வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்து ஆட்டக்காரர்களையே வழி சொல்ல விடுங்கள், உள்ளூர்க்காரர்களுக்கு எந்த வளைவில் வண்டி மெதுவாகும் என்பது வரை தெரியும். துப்பாக்கிக் காயம் என்றால் ஆஸ்பத்திரியில் போலீஸுக்குத் தகவல் போகும், எம்எல்சி (மருத்துவ-சட்ட வழக்கு) பதிவாகும். கேரக்டர்களிடம் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி இருந்தால் அதை எங்கே வைப்பது என்று வண்டியிலேயே கிசுகிசுக்க ஆரம்பிப்பார்கள்.

ஆறுவதற்கு: எலும்பு போகாத சதைக்காயத்துக்குச் சில வாரம், தொடை எலும்பு என்றால் மாதக்கணக்கு. ரத்தம் ஏற்றாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டம் திரும்பும். அதுவரை அந்த ஆட்டக்காரர் வேறு கேரக்டர் எடுத்துக்கொள்ளட்டும், தங்கையனுக்கு ஒரு மருமகன் இல்லாமலா போய்விடுவான்.

பழைய காலத்துக்கு மாற்றுவது

1741 ஆகஸ்டில் குளச்சலில் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த காலத்தில் கதை வைத்தால் நாலு மாற்றம் போதும். மஸ்கெட்டில் பயிற்சி பெற்றவன் நிமிடத்துக்கு இரண்டு, மூன்று முறை சுடுவான், அதாவது ஒரு குண்டுக்கு ஏழில் இருந்து பத்து டர்ன். ஐம்பது மீட்டர் தாண்டினால் இரண்டு கூட்டுங்கள். இரண்டாவது முறை எல்லோரும் சுட்ட பிறகு புகையால் யாருக்கும் எதுவும் தெரியாது, காற்றடிக்காவிட்டால் இன்னும் இரண்டு. மழை பெய்தால் ஒரு பகடை. மூன்றுக்குக் கீழே விழுந்தால் மருந்து நனைந்துவிட்டது, பயனெட்டை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். தென்மேற்குப் பருவமழைக் காலம் என்பதால் இந்த விதி அடிக்கடி வரும். சரணடைந்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பின்னால் திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து, உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்க உதவிய கதை தெரியும்தானே, அந்தக் கோட்டைக்குள்ளேயே அவர் கல்லறை இருக்கிறது, ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைபடம் போடுங்கள்.

மஸ்கெட் குண்டு முப்பது கிராமுக்கு ஈயம். வேகம் குறைவு, ஆனால் எலும்பை நொறுக்கும். கால் காயத்தில் எலும்பு போக மூன்றுக்கு மேல் விழுந்தாலே போதும் என்று மாற்றுங்கள். அதோடு சட்டைத் துணியையும் அழுக்கையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகும். ஆகவே மூன்றாவது நாள் இரண்டு பகடை: எட்டுக்குக் கீழே என்றால் சீழ், காய்ச்சல், அடுத்து கையையோ காலையோ எடுப்பதா என்ற பேச்சு. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட நம்ம ஊர் ஆசான் இருந்தால் ஆறிய பிறகு நடப்பதற்கு இரண்டு கூட்டலாம், சீழுக்கு அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

1920-களின் பிற்பாதியில் கதை நடந்தால் நிலைமையே வேறு. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் அப்போது இருந்தவர் ஹோவர்ட் சாமர்வெல், 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போனவர், அதற்கு முன் முதல் உலகப் போரில் சோம் போர்முனையில் குண்டடிபட்டவர்களுக்கு அறுவை செய்தவர். காயப்பட்டவரை நெய்யூருக்குக் கொண்டு சேர்த்துவிட்டால் சீழ்ப் பகடையில் மூன்று கூட்டிக்கொள்ளலாம், பெனிசிலின் இன்னும் வரவில்லை என்பதால் அதற்கு மேல் வேண்டாம்.